இருபத்தேழாவது அடுக்கு

ஜனவரி 6, திங்கள்

புது மேமோகிராம் மெஷினை இன்று ஓட்டிப் பார்த்தோம். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாளாக அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை, டீகூட உள்ளேயேதான். இது பழைய மெஷின் மாதிரி இல்லை. மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தி வைத்ததும் மேலே இருக்கும் கை மெதுவாக வில் போல நகர்கிறது. நகர்ந்துகொண்டே பதினைந்து படம் எடுக்கிறது. கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து ஒவ்வொரு மில்லிமீட்டராக அடுக்கு அடுக்காகக் காட்டுகிறது. ஐந்து சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஐம்பது அடுக்கு. பழையதில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே படமாக வரும். மூடிய புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசிப்பது போல. இதில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

"முதல் படத்துக்கு நம்ம ஸ்டாஃப் யாராவது வாங்களேன்" என்றார் டாக்டர் நசீமா பானு. எங்கள் ரேடியாலஜி டாக்டர். வயது முப்பத்து மூன்று. பேச்சில் அவசரம், படம் பார்ப்பதில் நிதானம். எனக்கு ரெஜிஸ்டரில் கோடு போடுகிற வேலை இருந்தது. ஒரு நர்ஸ் போய் நின்றாள்.

பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இந்த மெஷினில் முதல் படம் எடுத்த கை என்னுடையது. வெளியே சொன்னால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். இங்கே எழுதிக்கொள்ளலாம்.

ஜனவரி 8, புதன்

பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபராணி அக்கா வந்து நிற்கிறார். வயது ஐம்பத்தொன்பது. கையில் டிபன் கேரியர், முகத்தில் கோபம்.

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு கனி. இனிமே நான் என்னத்தப் படிச்சு என்னத்த எடுக்க? சின்னப் பிள்ளைய எவளையாவது அனுப்ப வேண்டியதுதான."

"சின்னப் பிள்ளைங்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்களாம் அக்கா."

"அப்ப நான் மாட்டேன்னு சொன்னா மட்டும் ஏன் கேக்கல?"

மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டார்.

ஜனவரி 10, வெள்ளி

பதினொரு பேர். கால் வலி. ரேஷன் கடைக்குப் போக முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். என் கூடப்பிறந்த அக்காவின் மகள் கார்த்தீஸ்வரி மதுரையிலிருந்து வந்தாள். ஒவ்வொரு வருடமும் வந்துவிடுவாள். சிரிக்கும்போது அப்படியே அக்கா. இருந்திருந்தால் அக்காவுக்கு இந்தத் தையில் ஐம்பத்திரண்டு முடிந்திருக்கும்.

"புது மெஷின் வந்திருக்காமே சித்தி? எனக்கு எப்ப எடுப்பீங்க?"

"உனக்கு இருபத்தாறுதான. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்."

"நீங்க எடுத்துட்டீங்களா?"

பொங்கல் பானையைப் பார்க்கப் போனேன். அடி பிடித்துவிட்டது.

ஜனவரி 18, சனி

ஜெபராணி அக்காவுக்கு மவுஸ் வசப்படவில்லை. ஆனால் இன்று ஒன்றைக் கவனித்தேன். நடுங்கிக்கொண்டு வருகிற பெண்களை நான் "தோளைத் தளர்த்துங்க" என்பேன். அவர்கள் இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். அக்கா எதுவும் சொல்வதில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்து, "வீட்ல என்ன குழம்பு இன்னைக்கு?" என்று கேட்கிறார். அவள் குழம்பைச் சொல்லும்போது தோள் தானாக இறங்கிவிடுகிறது. தோள் இறங்கினால் மார்புத் தசை முழுதாகப் படத்துக்குள் வரும். அக்கா எடுத்த பக்கவாட்டுப் படத்தில் தசை கடைசிவரை தெரிந்தது. என் படத்தில் அவ்வளவு வரவில்லை.

பாராட்டினேன். "மவுஸைத் தவிர எல்லாம் வரும்" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

சாத்தூர்ப் பக்கமிருந்து பட்டாசுத் தொழிற்சாலைப் பெண்கள் பதினான்கு பேர் வேனில் வந்தார்கள். அரைநாள் வேலை முடித்து நேராக. அதில் சீனியம்மாள் என்று ஒருத்தி. வயது நாற்பத்தொன்பது, ஒல்லியான தேகம்.

"கட்டி, வலி ஏதாச்சும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி தனியா வரப் பயந்தா. துணைக்கு வந்தேன். வந்ததுக்கு எனக்கும் எடுத்துருங்க."

மாலையில் டாக்டர் படங்களைப் பார்க்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். ஆறு பேர் படத்தில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள், உப்புத் தூவியது போல. சுண்ணாம்புச் சத்து அப்படிப் படிந்தால் சில நேரம் அது புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கும்.

"பதினாலுல ஆறு பேருக்கா? இப்படி வரவே வராது கனியக்கா. ஆனா கண்ணு முன்னாடி இருக்கே."

ஆறு பேருக்கும் ஊசி வைத்துச் சதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஜனவரி 22, புதன்

காலையில் மெஷின் தட்டைத் துடைத்தேன். துணி வெள்ளி நிறத்தில் மினுங்கியது. நேற்று அவசரத்தில் நன்றாகத் துடைக்காமல் போயிருக்கிறேன். விரலில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அலுமினியப் பவுடர். மத்தாப்புக்கும் சக்கரத்துக்கும் போடுவது. வேர்வையோடு அவர்கள் தோலில் ஒட்டி வந்திருக்கிறது. அலுமினியம் படத்தில் வெள்ளையாகத்தான் விழும்.

டாக்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்பது நிஜம், செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கிடந்தது. அடுக்குகளைப் புரட்டினோம். புள்ளிகள் எல்லாம் முதல் இரண்டு மூன்று அடுக்கிலும் கடைசி இரண்டு மூன்று அடுக்கிலும் மட்டும். அதாவது தோலில். உள்ளே இல்லை. பழைய மெஷினாக இருந்தால் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு பேரை ஊசியிலிருந்து காப்பாத்திட்டீங்க" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கண்டக்டர் வேலை பார்ப்பவருக்கு எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துத்தான் பழக்கம். இன்று மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

ஜனவரி 24, வெள்ளி

ஆறு பேரையும் திரும்ப வரச் சொன்னதில் ஐந்து பேர் வந்தார்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுத்தோம். ஐவருக்கும் புள்ளி போன இடம் தெரியவில்லை. இனி தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்களைத் துடைத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிச் சுவரில் ஒட்டினார். கீழே என் பெயரையும் போட்டார்: சண்முகக்கனி, ரேடியோகிராபர்.

சீனியம்மாள் மட்டும் வரவில்லை. "அவங்களுக்கும் பவுடராத்தான் இருக்கும்" என்றார்கள் எல்லாரும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

ஜெபராணி அக்காவுக்கு அடுக்குகளைப் புரட்டிப் பழக்க ஒரு படம் வேண்டியிருந்தது. சீனியம்மாளுடையதைத் திறந்தேன். மார்பு முழுக்க அடர்த்தி. சாதாரணப் படத்தில் பார்த்தால் ஒரே வெள்ளை. பருத்தி மூட்டைக்குள் வெள்ளைக் குண்டூசி தேடுவது போல இருக்கும். அக்கா மவுஸை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்.

"பொறு. இந்த இடத்துல நூலெல்லாம் ஏன் ஒரு பக்கமா இழுக்குது?"

இருபத்தேழாவது அடுக்கு, இடது மார்பு. தோலுக்கும் பவுடருக்கும் சம்பந்தமில்லாத ஆழம். சுற்றியிருக்கும் இழைகள் எல்லாம் ஒரு சின்ன இடத்தை நோக்கி இழுபட்டிருந்தன. துணியில் ஒரு நூல் சிக்கிக்கொண்டால் சுற்றிலும் சுருங்குமே, அப்படி. அளந்தேன். எட்டு மில்லிமீட்டர்.

என் வேலை படம் எடுப்பது மட்டும், நோய் சொல்வது இல்லை. டாக்டரிடம் கொண்டு போனேன். வெகுநேரம் பார்த்தார்.

"புள்ளிய மட்டுமே தேடிக்கிட்டு இருந்திருக்கேன். இத விட்டுட்டேன்" என்றார். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனவரி 30, வியாழன்

சீனியம்மாள் போனை எடுக்கவில்லை. கிராமத்து நர்ஸை அனுப்பினோம். வந்த பதில்: "அது வெறும் பவுடர்னு கண்டுபிடிச்சிட்டீகளே, பிறகு எதுக்கு?"

நான் கண்டுபிடித்ததுதான் அவளைத் தடுக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி ஒத்தப்புளிப்பட்டிக்குப் போனேன். தெருக் குழாயில் சீனியம்மாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. நீங்க பேசுங்க தாயி, நான் பிடிச்சுக்கிட்டே கேக்கேன்."

தெருவில் வைத்து எப்படிச் சொல்ல? நானும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். இரண்டு நடை முடிந்து மூன்றாவதில், அடுப்படியில் குடத்தை இறக்கிய பிறகுதான் சொல்ல முடிந்தது. பவுடர் மேலே இருப்பது. இது உள்ளே இருக்கிறது. ஊசி வைத்து ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"கேன்சரா?"

"இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடுறேன்."

அவள் உட்கார்ந்தாள். மகளுக்கு நிச்சயம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, கல்யாணம் வைகாசியில். "இப்ப ஆஸ்பத்திரின்னு போனா ஊரு என்ன பேசும்? அம்மாக்காரிக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லி மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திருவாக. கல்யாணம் முடியட்டும், நானே வாரேன்."

"வைகாசி வரைக்கும் அது சும்மா இருக்காது. இப்ப அரிசி அளவுக்குச் சின்னதா இருக்கு. இப்ப எடுத்தா அதோட போச்சு."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எடுத்துப் பாத்துட்டீகளா?"

"ஆமா, எடுத்துட்டேன்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இருந்தும் தலைவலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வந்திருந்தாள். டாக்டர் ஊசி வைத்தார். ஜெபராணி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன குழம்பு என்று கேட்டார். "இன்னைக்கு ஒண்ணும் வைக்கல" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். ஆரம்ப நிலை.

நாளை நிச்சயம். வியாழக்கிழமை சொல்லலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். ஒரு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது, அவள் மகளுக்குத் தட்டு மாற்றுவதை நிம்மதியாகப் பார்க்கட்டும் என்றார். முதலில் எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது எழுதும்போது சரி என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டர் சொல்லும்போது நானும் கூட இருந்தேன். சீனியம்மாள் அழவில்லை. "மாரை முழுசா எடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், பிறகு மதுரையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "அப்ப அடுத்த தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போயிருவேன்ல" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் வேலையில்தான் இருந்தேன். பதினாறு பேர். யாருக்கு என்ன எடுத்தேன் என்று ரெஜிஸ்டரைப் பார்த்தால்தான் தெரிகிறது.

மார்ச் 5, புதன்

சீனியம்மாளின் ஆபரேஷன் ரிப்போர்ட் வந்தது. அக்குள் நெறிகட்டிகளில் எதுவும் பரவவில்லை. கட்டி எட்டரை மில்லிமீட்டர். நாங்கள் அளந்தது எட்டு. டாக்டர் அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்து விரலால் தட்டினார். ஜெபராணி அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "நான் உருட்டின மவுஸ்" என்றார்.

மூவருமாக கேன்டீனில் வடை தின்றோம். இந்தப் பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

மாதக் கணக்கு எடுத்தோம். ஜெபராணி அக்கா ரெஜிஸ்டரை முதலிலிருந்து புரட்டினார். இரண்டு மாதத்தில் அறுநூற்று நாற்பத்திரண்டு பேர். ஸ்டாஃபில் நாற்பது தாண்டியவர்கள் எல்லாரும் எடுத்திருக்கிறார்கள்.

"உன் பேரைக் காணோமே கனி."

"எடுக்கணும்."

"எனக்கு எடுத்தது நீதான். உனக்கு எடுக்க ஆள் இல்லைன்னு சொல்லாத. நான் இருக்கேன்."

நான் கையிலிருந்த பேனாவை மூடினேன், திறந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

2016-இல் நான் வேறு இடத்தில் வேலை பார்த்தபோது என் அக்காவுக்கு மேமோகிராம் எடுத்தது நான்தான். பழைய மெஷின். படம் குறையில்லாமல் வந்தது. முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அக்காவிடம், "உனக்கு ஒண்ணுமில்ல, போய்ப் பிள்ளைய காலேஜ்ல சேர்க்கிற வழியப் பாரு" என்றேன். எட்டு மாதம் கழித்துக் கட்டி கையில் தட்டியது. அதற்குப் பிறகு ஒரு வருடம்தான். அந்தப் படத்தை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போதும் அதில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளை.

எனக்கும் அதே உடம்பாக இருந்தால்? அந்த மெஷினில் மற்றவர்களை நிறுத்த முடிகிறது. நான் போய் நிற்க முடியவில்லை.

ஜெபராணி அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "புதன்கிழமை காலைல எட்டரைக்கு. முதல் ஆளு நீ" என்று ரெஜிஸ்டரில் என் பெயரை எழுதிவிட்டார்.

மார்ச் 12, புதன்

எட்டரைக்குப் போனேன். தட்டு ஜில்லென்று இருந்தது. எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், இன்றுதான் தெரிந்தது. ஜெபராணி அக்கா முதுகில் கையை வைத்தார். "என்ன குழம்பு?" என்று கேட்டால் சிரித்திருப்பேன். கேட்கவில்லை. "உங்க அக்கா பேரு என்ன?" என்றார்.

"பேச்சிக்கனி."

"மூச்சை நிறுத்து."

மெஷினின் கை என் தலைக்கு மேலே நகர்ந்தது. நான்கு படம். நான்கையும் முதல் தடவையிலேயே சரியாக எடுத்தார்.

டாக்டர் உடனே உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் மார்பும் அடர்த்திதான், என் அக்காவுடையது போலவே. ஒன்றிலிருந்து ஐம்பத்து மூன்று வரை ஒவ்வொன்றாகப் போனோம். இரண்டு பக்கமும். அவசரக்காரர் இன்று ஒரு அடுக்கைக்கூடத் தாண்டவில்லை.

"ஒண்ணுமில்ல கனியக்கா. இது பார்த்துட்டுச் சொல்ற ஒண்ணுமில்ல."

படத்தில் தோல் மடங்கல் இல்லை, நிழல் இல்லை, தசை அடிவரை வந்திருக்கிறது. என்னால் இதைவிட நன்றாக எடுத்திருக்க முடியாது. அப்படியே ஜெபராணி அக்காவிடம் சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாலையில் கார்த்தீஸ்வரிக்குப் போன் செய்தேன். அவளுக்கு எப்போதிலிருந்து எப்படிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஏன் சித்தி அழுறீங்க?" என்றாள். சளி என்றேன்.

மார்ச் 15, சனி

மதுரையில் டாக்டர்கள் கூட்டம். டாக்டர் நசீமா பானு எங்கள் பவுடர் விஷயத்தையும் இருபத்தேழாவது அடுக்கையும் பற்றிப் பேசினார். எங்கள் இருவரையும் கூட்டிப் போயிருந்தார். திரையில் முதல் பக்கத்தில் மூன்று பெயர். நடுவில் என்னுடையது, கீழே ஜெபராணி அக்காவுடையது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையை அழுத்தியது வலித்தது. விடச் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெரிய டாக்டர், "அந்தப் படத்தை மறுபடி பார்க்கணும்னு யாருக்குத் தோணிச்சு?" என்று கேட்டார். எங்கள் டாக்டர் பின்வரிசையைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். எழுந்து நிற்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்தேன்.

மார்ச் 20, வியாழன்

சீனியம்மாள் பரிசோதனைக்கு வந்தாள். அடுத்த வாரம் மதுரையில் கரண்ட் ஆரம்பம். தனியாக வரவில்லை. சம்பந்தகாரம்மாவும் கூட வந்திருந்தார், மாப்பிள்ளையின் அம்மா. விஷயம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எனக்கும் எடுப்பாகளா?" என்பதாம். கல்யாணத் தேதியில் மாற்றமில்லை.

சம்பந்தகாரம்மாவை ஜெபராணி அக்கா உள்ளே கூட்டிப் போனார். வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு உங்க வீட்ல நான் ஒரு பொய் சொன்னேன். நான் எடுத்துட்டேன்னு. அப்ப எடுக்கல. போன வாரம்தான் எடுத்தேன்."

"தெரியும் தாயி."

"எப்படி?"

"ஆமான்னு சொன்னப்ப சேலை முந்தானைய முறுக்கிக்கிட்டே இருந்தீக. எங்க வீட்டுக்காரர்கிட்ட நானும் அப்படித்தான் பொய் சொல்லுவேன்."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

அவள் கதவுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். சம்பந்தகாரம்மாவுக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"பயப்படாதவ வந்து கூப்பிட்டா எனக்கென்ன, அவ பேசிட்டுப் போயிருவான்னு இருந்திருப்பேன். என்னை மாதிரியே பயந்தவ, ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் மாறி வந்து, எங்க வீட்டுக்கு மூணு குடம் தண்ணி சுமந்துட்டு நிக்கா. அப்ப விஷயம் நிசமாத்தான் இருக்கும்னு வந்தேன்."

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு ஜெபராணி அக்கா, "அடுத்த ஆளு யாரு?" என்று கேட்டார். எழுந்து வேலைக்குப் போனேன்.